இல்லாத ஆலையின் வரி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

விளக்கேற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கணக்கு தீரும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே விளக்கு முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன்; எழுதினால் வாக்கு மீறியதாகாது என்றுதான் மனசு சொல்கிறது. மீறியதாக ஆனால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். அது பேச்சு மாதிரி ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரி கட்ட உங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தேன். நீ மாடியில் கணக்குப் பிரிவில் இருந்திருப்பாய். நான் கீழே மூன்றாம் ஜன்னல் வரிசையில், எனக்கு முன்னால் பத்தொன்பது பேர். ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் ஒரு புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம், வரைவு. ஆட்சேபணை உள்ளவர்கள் பிப்ரவரி 19 மாலை மூன்று மணிக்குள் பதிவேட்டில் எழுதலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. கால் வலி மறக்கட்டும் என்று பிரித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் முப்பத்தொரு வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், அடியில் மிச்சம். ஊர்க் கணக்கும் அதேதான், பூஜ்யம்தான் கூட.

பன்னிரண்டாம் பக்கத்தில், நிலுவை வசூல் என்பதன் கீழே, 'நூற்பாலை, சொத்து வரி பாக்கி: 23,38,000' என்று இருந்தது. எந்த நூற்பாலை? ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. அதை இடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. இடித்த சாமானை ஏலம் விட்டபோது அதன் வாசற்படிக் கல்லை முந்நூற்றைம்பது கொடுத்து வாங்கியவளே நான்தான். ரசீது நோட்டில் ஒட்டியிருக்கிறது. தினமும் அந்தக் கல்லில்தான் துணி துவைக்கிறேன். வாசற்படி என் வீட்டுக் குழாயடியில் கிடக்கிறது, ஆலை மட்டும் எங்கிருந்து வந்து வரி கட்டும்?

செலவுப் பக்கத்தில் 'மேல்நிலைத் தொட்டி பழுதுபார்ப்பு: 22,00,000' என்று இருக்கிறது. எங்கள் தெருத் தொட்டி. சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் ஐந்து வருஷமாக எங்கள் பகுதி உறுப்பினர் இதே சேதியைத்தான் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தத் தொட்டியின் நிழலில்தான் பாலர் பள்ளி ஆசிரியை காலையில் பிள்ளைகளை உட்கார வைக்கிறாள். முப்பத்துநாலு பிள்ளைகள். போன வியாழக்கிழமை தொட்டிக் காலிலிருந்து ஒரு காரைத் துண்டு விழுந்தது. அந்த நேரம் பிள்ளைகள் கை கழுவப் போயிருந்தார்கள். கடவுள் இருக்கிறார். ஆனால் தினமும் அதே நேரத்துக்கு அவரையே காவலுக்கு நிற்கச் சொல்ல முடியுமா?

அந்த ஆலைத் தொகையைப் பேனாவால் திருத்தியிருக்கிறது. எட்டை இரண்டு தனித்தனி வட்டமாகப் போடுகிறவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால் உன்னைக் கேட்கிறேன். கூடப் பிறந்ததற்கு அவ்வளவாவது செய்ய வேண்டும். பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்ப் பிரித்தேன். பிரித்தால் பன்னிரண்டாம் பக்கம்!

அந்தப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. ஆட்சேபணைப் பதிவேட்டில் பதிமூன்று வருஷத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. அதுவும் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது.

வீட்டுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒன்று என்கிறாய். நீ செலவானதை எழுதுகிறாய். நான் இனிமேல் ஆகப்போவதை எழுத வேண்டும். டிசம்பரில் எல்லாப் பிரிவுக்காரர்களும் தங்களுக்கு வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். குப்பைக்கு வண்டி, தெருவுக்கு விளக்கு, சாக்கடைக்கு மூடி. எல்லாவற்றையும் கூட்டினால் வரவைப் போல ஒன்றரை மடங்கு வரும். சம்பளத்திலும் மின்கட்டணத்திலும் கடன் தவணையிலும் கைவைக்க முடியாது. மிச்சத்தில்தான் வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தப் பகுதி உறுப்பினர் வந்து உட்கார்ந்துகொள்வார், நாற்காலியில் இல்லை, என் மேசைமேல். கடைசியில் செலவு வரவைத் தாண்டக்கூடாது என்று சட்டம். பற்றாக்குறையோடு அனுப்பினால் மேலிடம் திருப்பி அனுப்பும். ஏப்ரல் சம்பளம் யாருக்கும் வராது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் பன்னிரண்டு லட்சம் இடித்தது. எங்கும் வெட்ட இடமில்லை. ஆலைக்காரர்கள்மேல் வரி பாக்கிக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வந்தாலும் வரும் என்று அதை வரவில் போட்டேன். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் போட்டேன். வழக்கு தோற்றுப்போனது. ஆனால் புதுத் திட்டம் எழுதும்போது போன வருஷத்து வரியை எடுத்துப் பத்து சதவீதம் கூட்டிப் போடுவதுதான் இங்கே வழக்கம். அப்படியே அதுவும் கூடியது. இல்லாத ஆலை வருஷம் தவறாமல் வளர்கிறது. இருந்தபோதுகூட அப்படி வளர்ந்ததில்லை.

ஆட்சேபணை எழுதாதே. ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருஷம் நாலு மாதம்தான் இருக்கிறது. கணக்கை வாசித்து ஒருவனைத் தலைகுனிய வைப்பது உனக்குப் புதிதில்லைதான். அம்மா போன மூன்றாம் நாள், வந்திருந்த உறவு சனம் எல்லார் முன்னாலும் நோட்டைப் பிரித்தாயே. போர்வை, ஆரஞ்சு, ஆட்டோ என்று வரிசையாக வாசித்து, "தம்பி பங்கு தொண்ணூத்திரெண்டாயிரத்து முந்நூறு, இன்னும் வரல" என்றாய். அதற்கு முன்னால் நான் தரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு அப்புறம் தரக் கை வரவில்லை. பதினோரு நாள் சம்பளமில்லா விடுப்புப் போட்டு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேனே, அது உன் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

காரை விழுந்தது எந்தக் காலிலிருந்து? ரோட்டுப் பக்கமா, பள்ளிக்கூடப் பக்கமா? துண்டு எவ்வளவு பெரிசு?

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

பள்ளிக்கூடப் பக்கத்துக் கால். எடை இரண்டு கிலோ முந்நூறு கிராம். என் சமையலறைத் தராசு அவ்வளவு தாங்காது என்பதால் மளிகைக் கடையில் கொடுத்து நிறுத்தேன். "என்னம்மா, இதுக்கு என்ன விலை போடுறது?" என்றார் கடைக்காரர். கல்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கல்லைத் துணியில் சுற்றி அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் மேசைமேல் வைத்துக்கொள். உறுப்பினர்கள் உட்கார்ந்தால் குத்தட்டும்.

நேற்று ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"பாயை மூணடி தள்ளிப் போட்டுட்டேன்மா. அதுக்கு மேல சுவர் வந்துடுது" என்றாள்.

"உள்ள உக்கார வச்சா என்ன?"

"தகரக் கூரைம்மா. பத்து மணிக்கெல்லாம் கொதிக்குது. போன வருஷம் ரெண்டு பிள்ளைங்க மயக்கம் போட்டுச்சு."

"மேல அண்ணாந்து பாத்தியா, விரிசலை?"

"பாத்தா பயமா இருக்கு. அதான் பாக்குறதில்ல."

நானும் அண்ணாந்து பார்த்தேன். காலில் உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிகிறது, துரு பிடித்து, கை வைத்தால் செதில் செதிலாக வருகிறது. நேற்றிலிருந்து தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டாலே கைவேலையை விட்டுவிடுகிறேன். எத்தனை ஆயிரம் லிட்டர் அந்தக் காலில் ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரார்த்தனையின் நடுவே அடுத்த வரி மறந்துபோகிறது. எனக்கு இப்படி ஆனதில்லை.

நீ எழுதியதெல்லாம் படித்தேன். முக்காலி விஷயத்துக்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. ஒன்று மட்டும் சொல். ஐந்து வருஷமாக இருபது லட்சம், இருபத்திரண்டு லட்சம் என்று தொட்டிக்கு எழுதுகிறீர்களே, அந்தப் பணம் எங்கே போகிறது? யாராவது சாப்பிடுகிறார்களா? நீ இல்லை என்று தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டேன், தெரிய வை.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

அத்தான் வந்தார். "இந்தாப்பா, உங்கக்கா குடுத்துவிட்டா, பத்திரமா வச்சுக்கணுமாம்" என்று பொட்டலத்தை வைத்துவிட்டு, நான் நிமிர்வதற்குள் போய்விட்டார். சாப்பாடு என்று நினைத்து எழுத்தர் பிரித்துவிட்டார்.

அந்தப் பணத்தை யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தால்கூடப் பிடிக்க ஒரு ஆள் இருப்பான். அந்தப் பணம் வந்ததே இல்லை. எப்படி என்று சொல்கிறேன். புத்தகத்தில் வரவும் செலவும் சரியாக நிற்கிறது. ஏப்ரலில் வேலைகள் தொடங்கும். அக்டோபரில் கையில் உண்மையாக எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்போம். ஆலை கட்டியிருக்காது. உடனே எதையாவது வெட்டியாக வேண்டும். பாதி முடிந்த வேலையை வெட்ட முடியாது. இன்னும் தொடங்காத வேலையைத்தான் முதலில் வெட்டுவோம். தொட்டி வேலை தொடங்கியிருக்காது. ஏனென்றால் இருபத்திரண்டு லட்சம் கையில் வராமல் பொறியாளர் ஒப்பந்தம் விடமாட்டார். ஐந்து வருஷமும் இதேதான். ஆலையும் தொட்டியும் ஒரே தராசின் இரண்டு தட்டு. அந்தத் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

நேற்று மாலை அலுவலகம் விட்டதும் அங்கே போனேன். உன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனேன். பொறியாளரையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் காலைச் சுற்றி வந்தார், சாவியால் தட்டினார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு ரிப்பேர் கிடையாது சார். மூணு வருஷத்துக்கு முன்னாடியே அந்தக் கட்டம் தாண்டிடுச்சு."

"அப்ப ஏன் எழுதிக் குடுக்கல?"

"புத்தகத்துல ரிப்பேர்னு இருக்கே சார். நடக்கப்போகுதுன்னு எல்லாரும் நெனச்சோம்."

புரிகிறதா அக்கா? அந்த வரி அங்கே இருந்ததால்தான் யாரும் பயப்படவில்லை.

இப்போது நீ யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆலையை எடுத்தால் தொட்டிப் பழுதும் போய்விடும். இடிப்பதற்குத்தான் பணம் இருக்கும், புதிதாகக் கட்ட இருக்காது. உன் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. நாற்பது வீடு உன்னைத் திட்டும். இன்னும் எழுதப் போகிறாயா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படு. போன மழையில் அத்தானைக் கடைத்தெருவில் பார்த்தேன். கூடத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருக்கிறீர்களாம். "உங்கக்கா நோட்டுல தம்பி தர்றது வந்தா கூரைன்னு எழுதி வச்சிருக்கா, அது வரட்டும்னு இருக்கோம்" என்றார். ஆறு வருஷமாக வராத பணத்தை வரவில் வைத்துக்கொண்டு ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவள், என் பன்னிரண்டாம் பக்கத்தைக் கேள்வி கேட்கிறாய்.

தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். எழுபத்திரண்டு மாதம். ஒவ்வொரு மாதத்தின் தலையிலும் 'தம்பியிடமிருந்து வர வேண்டியது 92,300'. நான் பத்து சதவீதம் கூட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் மனசுக்கு ஒரு தெம்பு இருந்தது. அது என்ன தெம்பு என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அத்தானிடம், "ஊரெல்லாம் போய்ச் சொல்லணுமா கூரையப் பத்தி?" என்று கேட்டேன். "ஊர்ல சொல்லல, உன் தம்பிகிட்டதான் சொன்னேன்" என்கிறார். அவரோடும் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இப்படியே போனால் எனக்குத் தபால் செலவு தாங்காது.

தெருவில் கேட்டுப் பார்த்தேன், உன் பெயரைச் சொல்லாமல். குழாயடியில் நாலு பேர் இருந்தார்கள்.

"தண்ணி தர்ற தொட்டிய நீயே போய் இடிக்கச் சொல்வியா? நல்லா இருக்கு ஆடிட்டரம்மா உங்க நியாயம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"விழுந்தா?"

"இத்தனை வருஷம் விழல. நாளைக்கா விழப்போகுது? லாரிக்குப் பின்னாடி குடத்தத் தூக்கிட்டு நான் ஓடணுமா, இந்த முட்டிய வச்சுக்கிட்டு?"

அவளுடைய இளைய பேரன் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் சபிப்பது மாதிரி இருக்கும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு வழி தோன்றியது. தொட்டி ஆபத்து என்று மட்டும் எழுதி, ஆலையை விட்டுவிடலாமே. உன் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. இரவலாக ஒரு நல்ல எண்ணம் கிடைத்த மாதிரி மகிழ்ந்துபோய் விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கசந்தது. ஆலை இருக்கும்வரை எந்த வேலைக்கும் பணம் இருக்கப் போவதில்லை. பழுதுக்கு இல்லாத பணம் இடிப்பதற்கு மட்டும் எங்கிருந்து வரும்?

வேறொரு பக்கம், நீ. ரெண்டு வருஷம் நாலு மாதம். உன் பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். என் கையால் உனக்கு இரண்டாவது தடவை தலைகுனிவு வரவேண்டுமா? கடவுளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் இந்த மாதிரிக் கணக்கைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி மூன்று மணி. இன்னும் மூன்று நாள். இதை அத்தானே நேரில் கொண்டுவந்து தருவார். எதை எழுதட்டும் என்று நீயே சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைக் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அத்தான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆலையைப் பற்றி எழுது. வாசற்படிக் கல் ரசீதையும் எடுத்து வா.

நேற்று நானே நகராட்சித் தலைவரின் அறைக்குப் போய், அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். "எட்டு வருஷமா இருக்கறத இப்ப எதுக்குங்க நோண்டுறீங்க? இன்னும் ஒரு வருஷம் ஓட்டுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. நான் ஏழு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டதைத்தான் அவரும் சொன்னார். நான் வாயால் சொல்வதை அவர் காதோடு விட்டுவிட முடியும். பதிவேட்டில் ஒரு ஆட்சேபணை இருந்தால் முடியாது. அதை மன்றத்தில் வாசித்தே ஆக வேண்டும், கணக்கர் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலை நான் எழுதிக்கொள்கிறேன்.

என் பெயரைப் போடாதே. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, விதிப்படி தேவையில்லை. ஆலை இல்லை, வரி வராது, அதை நம்பி எழுதிய தொட்டி வேலை நடக்காது, காலில் விரிசல், கீழே முப்பத்துநாலு பிள்ளைகள். அவ்வளவு போதும்.

மூன்று மணிக்குள் வந்துவிடு. பதிவேடு கீழே எழுத்தரிடம் இருக்கும். அங்கே இருக்கும் பேனா எழுதாது. உன் பேனாவைக் கொண்டு வா.

தம்பி


மார்ச் 14

அக்காவுக்கு,

பன்னிரண்டாம் தேதி மன்றக் கூட்டம் நடந்தது. உன் ஆட்சேபணையை எழுத்தர் வாசித்தார். 'மேற்படி ஆலையின் வாசற்படி என் வீட்டுக் குழாயடியில் உள்ளது, வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற இடத்தில் கொஞ்சம் சிரிப்பு. 'முப்பத்துநாலு பிள்ளைகள்' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

உங்கள் பகுதி உறுப்பினர் எழுந்தார். "கணக்கர் எட்டு வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"எழுதிக்கிட்டிருந்தேன்" என்றேன். "வராதுன்னு தெரிஞ்சே எழுதினேன். தப்பு என்னுது."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பையிலிருந்து உன் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். நாடகம் போடுகிற ஆள் இல்லை நான், உனக்குத் தெரியும்.

கணக்கைக் கேள், உனக்குப் பிடிக்கும். ஆலையை எடுத்ததும், வரைவில் இருந்த நாற்பத்தோராயிரம் உபரி போக, இருபத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம் பள்ளம். தொட்டிப் பழுதை எடுத்ததும் தொண்ணூற்றேழாயிரம். இடிக்க நாலு லட்சம், தெருவுக்கு நாலு பிளாஸ்டிக் தொட்டி, லாரி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் கூட்டியதும் மறுபடி ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம். தலைவர் ஊர் எல்லையில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்று ஏழு லட்சம் வைத்திருந்தார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவராகவே, "சரி, வளைவு இல்லாமலும் ஊருக்குள்ள வரலாம்" என்றார். மிச்சத்துக்குத் தண்ணீர் வரி உயர்கிறது, ஊர் முழுக்க, அதில் மூன்றரை லட்சம். கடைசி வரி ஐம்பத்து மூன்றாயிரம் உபரி. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான கணக்குக்கு அடிக்கோடு போட்டேன். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அன்று மாலையே எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. பதில் கொடுத்துவிட்டேன். மேலிடம் என்ன செய்யும் என்று தெரியாது. ஓய்வூதியத்தில் கைவைக்கலாம், வைக்காமலும் விடலாம். உன் தம்பி மனைவி இரண்டு நாளாக எனக்குச் சோற்றை மட்டும் பரிமாறுகிறாள், பேச்சைப் பரிமாறவில்லை. நம் வீட்டு நோய் அவளுக்கும் தொற்றிவிட்டது.

இருபதாம் தேதி தொட்டியைக் காலி செய்வார்கள். இருபத்தேழு இடிப்பு. பள்ளிக்கூடத்தை நூலக மாடிக்கு மாற்றிவிட்டோம். அன்று ஜன்னலைச் சாத்திக்கொள், தூசி வரும்.

ஆலையைச் சும்மா அடித்துவிட முடியாது, தெரியுமா? தள்ளுபடிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பத்தி. எவ்வளவு, என்ன காரணம், ஒப்புதல் தந்தவர் யார். மூன்றும் நிரம்பினால்தான் கணக்கு தீர்ந்ததாக அர்த்தம். நேற்று அதை நிரப்பினேன். ஏதோ வீட்டிலிருந்து ஒருவரை வழியனுப்பியது போல இருந்தது.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இருபத்தேழாம் தேதி நான் ஜன்னலைச் சாத்தவில்லை. தெருவே வாசலில் நின்றது. இயந்திரக்காரர் முதலில் ரோட்டுப் பக்கத்துக் காலில்தான் கொக்கியை மாட்டினார். இன்னும் இழுக்கக்கூட இல்லை. அவர் தொடாத கால், பள்ளிக்கூடப் பக்கத்துக் கால், ரொட்டி உடைகிற மாதிரி நடுவில் உடைந்தது. காலித் தொட்டி. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அப்படியும் நிற்க முடியவில்லை அதற்கு. பாய் விரிக்கும் இடத்தில், சுவரையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. எதிர்வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை. விரல் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

அதற்காக அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைக்காதே. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. குடம் தூக்கும்போதெல்லாம் என் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் மூச்சு விடுகிறாள். நானும் எட்டுக் குடம் தூக்குகிறேன். துவைக்கும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கூடம் கழுவுகிறேன். அத்தானுக்கு ஒரு வாளிக்கு மேல் கிடையாது. "நகராட்சிய வெட்டச் சொன்ன, இப்ப என் குளியலையும் வெட்டிட்ட" என்கிறார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஜன்னல் திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்று, உயர்ந்த தண்ணீர் வரியைக் கட்டினேன். புது வருஷத்தின் முதல் ரசீது என்னுடையது, எண் ஒன்று. வராததை எழுதி எழுதிக் கை காய்த்தவனாயிற்றே நீ. இது வந்த பணம், பயப்படாமல் எழுதிக்கொள்.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ஏப்ரல் மாதத்தின் தலையில் எப்போதும் எழுதும் வரியை எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் நீ சொன்ன மாதிரி மூன்று பத்தி போட்டேன். தொகை: 92,300. காரணம்: பதினோரு நாள் முக்காலியில் உட்கார்ந்தது; அதை எழுத மறந்தது என் தப்பு; மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் வாசித்தது அதைவிடப் பெரிய தப்பு. கூரைக்கு இனி யாரையும் எதிர்பார்க்காமல் மாதம் எண்ணூறு எடுத்து வைக்கிறேன். பதினெட்டு மாதத்தில் ஆகிவிடும். அதுவரை பாத்திரம் இருக்கிறது.

மூன்றாம் பத்தியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒப்புதல் தர வேண்டியவர் யார்? நான் வாக்குக் கொடுத்தது கடவுளுக்கு. நானாகவே தீர்ந்தது என்று சொல்லிவிட்டால் ஏமாற்றியதாகிவிடாதா? உங்கள் புத்தகத்தில் இருந்த மாதிரியே செய்தேன். ஏப்ரல் இரண்டாம் தேதி நோட்டை விரித்து விளக்கு முன்னால் வைத்து, ஆட்சேபணை இருந்தால் பதினான்கு நாளைக்குள் தெரிவிக்கலாம் என்று சொன்னேன். பக்கத்தில் எழுதும் பேனாவாகப் பார்த்து ஒன்று வைத்தேன். தினமும் பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அன்று முழுக்க அதுதான் ஆட்சேபணையோ என்று கிடந்து தவித்தேன். அத்தான்தான், "அடுப்புல பாலை வச்சுட்டு நோட்டப் போய்ப் பாத்தா பொங்காம என்ன செய்யும்?" என்றார்.

கெடு இன்றோடு முடிகிறது. மூன்று மணி தாண்டிவிட்டது. பதிவு ஒன்றும் வரவில்லை.

இந்தக் கடிதத்தை அத்தான் இப்போதே கொண்டுவருகிறார். உன் நோட்டீஸுக்குப் பதில் வந்ததா, உன் மனைவி பேசினாளா, உன் உடம்பு எப்படி இருக்கிறது, எதையும் நான் இதில் கேட்கப் போவதில்லை. நாளைக் காலை ஆறரை மணிக்கு உன் வீட்டில் போன் அடிக்கும். நீயே எடு.

அக்கா